தொப்பியின் ஐந்தாவது கோடு

ஓமந்தூர்
24 ஆகஸ்ட் 2025

பிரியா அப்பாவுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு எவ்வளவு கொழுப்பு என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீங்கள் கத்துகிறீர்கள், நாலாவது நிமிஷம் நான் கத்துகிறேன். அதைக் கேட்டதும் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடுகிறது. போன புதன்கிழமை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "சண்ட முடிஞ்சிச்சாம்மா?" என்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அதனால் இனி நமக்குள் கடிதம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கலைப்பிரியா உங்களோடு போனில் பேசுவாள். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

ஜூலையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைப் பள்ளத்தில் இருக்கும் அந்தக் குப்பைமேடு நாலு நாள் விடாமல் புகைந்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி அடைத்தேன். அப்படியும் பிரியாவுக்கு நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அந்த மாஸ்க்கை முகத்தில் வைத்து மருந்துப் புகை பிடித்தாள். வேறு தெருவில் வாடகைக்காவது போய்விடலாம் என்று கேட்டேன். அதற்கு நீங்கள், என் அண்ணன் அன்புச்செல்வன் வாசலில் நிற்கும்போதே, "சாணி நாத்தத்துல பொறந்து வளந்தவளுக்குப் பொக நாத்தம் ஆவலையா?" என்றீர்கள். அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். அவன் வீட்டுச் சாணியில் வளர்ந்த எனக்கு ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை.

பிரியாவை இங்கே தற்காலிகமாகத்தான் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். டி.சி. கொண்டுவந்தால்தான் பெயரைச் சேர்ப்பார்களாம். விழுப்புரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் தீபாவளி வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அப்பா கையெழுத்து வேண்டும். போட்டு அனுப்புங்கள்.

அந்தப் புகை இருக்கிற வரைக்கும் பிள்ளையோடு அந்த வீட்டுக்கு வர மாட்டேன்.

பவானி


விழுப்புரம்
29 ஆகஸ்ட் 2025

பவானிக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. பேனாவில் மை இல்லை என்று பொய் சொல்லலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட மனசு வரவில்லை. தீபாவளிக்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நான் பேசியதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டிருந்தேன், நீ வாடகை வீடு என்றதும் வாய் எங்கேயோ போய்விட்டது. அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது எனக்கே தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கன்னியம்மன் நகர்ச் சங்கத்தில் சமையல் கழிவைப் போட்டுக் கேஸ் எடுக்கும் தொட்டி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்களே, அது முடிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கிடந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மோட்டார் காயில் கட்டும் கடையைப் பத்தரை மணிக்கு மேல்தான் திறக்கிறேன். காலையெல்லாம் தொட்டியில்தான்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த மேட்டுக்கு யாரோ வேண்டுமென்றே நெருப்பு வைக்கிறார்கள் என்றுதானே நாம் திட்டிக்கொண்டிருந்தோம்? தொட்டி கட்டிய இன்ஜினியர் வேறு மாதிரி சொன்னார். சோறு, காய்கறித் தோல், மீன் செதில் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது உள்ளேயே கேஸ் உண்டாகிறதாம். மேலே ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். அதே கேஸைத் தொட்டிக்குள் உண்டாக்கிக் குழாயில் பிடித்தால் அது அடுப்பில் நீலமாக எரியும், கரியே பிடிக்காது. நம் நகர் நானூறு வீட்டுச் சோற்றுக் கழிவும் தொட்டிக்கு வந்துவிட்டால் மேட்டுக்குத் தீனி ஏது?

தொட்டிக்கு மேல் கறுப்பாக ஒரு பெரிய மூடி மிதக்கிறது. கேஸ் சேரச் சேர அது மேலே எழும்பும். பிரியாவிடம் அதைத் தொப்பி என்று சொல்லியிருக்கிறேன். தொப்பியில் வெள்ளைப் பெயிண்டில் ஆறு கோடு போட்டிருக்கிறேன். ஐந்தாவது கோடு தெரிந்தால் அங்கன்வாடியில் முழுச் சமையலும் முடிந்து, மிச்சக் கேஸில் ஓடும் ஜெனரேட்டரால் குப்பைமேட்டு ரோட்டில் நாலு தெருவிளக்கும் எரியும். இப்போது ஒரு கோடுதான். தீபாவளிக்குள் புகையை நிறுத்திக் காட்டுகிறேன். இல்லையென்றால் கையெழுத்துப் போடுகிறேன். இது சத்தியம்.

திருமுருகன்


ஓமந்தூர்
6 செப்டம்பர் 2025

பிரியா அப்பாவுக்கு,

பத்து வருஷமாக நம் வீட்டுக் குப்பைக்கூடை எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷன் நானூறு வீட்டுக் குப்பையைப் பார்த்துக்கொள்கிறாராம். அண்ணியிடம் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. உங்கள் கடை வாசலில் கிடக்கும் டீ கப்பை என்றைக்காவது பொறுக்கியிருக்கிறீர்களா?

சிரித்துவிட்டேனே தவிர, கடிதத்தை மடித்து வைத்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த மேட்டுக்குத் தீனி போட்டதில் நானும் ஒருத்திதானே? மீன் கழுவிய தண்ணீர், பழைய சோறு, பிரியா மிச்சம் வைத்த இட்லி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு இறுக முடிச்சுப் போடுவேன். அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே அந்தப் பள்ளத்தில் வீசுவேன். பின்னால் உட்கார்ந்து அவள் "சிக்ஸர்" என்று கத்துவாள். நான் வீசிய கவர் புகைந்துதான் அவள் நெஞ்சுக்குள் போனது என்று இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்று எழுதவில்லை என்பது தெரியும். ஆனாலும் குத்துகிறது.

அண்ணன் வீட்டிலும் சாணி கேஸ் குழி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஆறு மாட்டுச் சாணியில் இரண்டு வேளைச் சமையல் நடக்கிறது. குழியிலிருந்து வழியும் கரைசலை மல்லாட்டைச் செடி போட்ட கொல்லையில் பாய்ச்சுகிறான். அதனால் கேஸ் வருமா என்று எனக்குச் சந்தேகம் இல்லை. நம் தெரு ஜனங்கள் குப்பையைப் பிரித்துக் கொடுப்பார்களா என்பதுதான் சந்தேகம். நானே கொடுத்திருக்க மாட்டேன்.

விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்து வரவில்லை. பிரியா நன்றாகச் சாப்பிடுகிறாள். நாம் போனில் கத்துவதை நிறுத்தியதிலிருந்து ஒரு தடவைகூட இளைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசிவிட்டு வந்து, "அப்பா தொப்பி ரெண்டு கோடு ஏறிக்கிச்சாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பவானி


விழுப்புரம்
17 செப்டம்பர் 2025

பவானிக்கு,

எழுதக் கை பறக்கிறது. நேற்று தொப்பி ஐந்தாவது கோட்டைத் தொட்டது!

தெரு ஜனங்களைப் பற்றி நீ எழுதியது சரிதான். முதல் வாரம் வந்த பக்கெட்டில் என்னென்ன இருந்தது தெரியுமா? பிள்ளைக்குக் கட்டிய டயாபர், ஷேவிங் பிளேடு, உடைந்த டியூப் லைட். வீடு வீடாகப் போய் வாங்குவது ஆரோக்கியசெல்வி அக்கா. பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவாரே, மூக்குத்தி போட்டவர், அவர்தான். அவர் சண்டை போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் டயாபரோடு கொடுத்த பக்கெட்டை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, "இத்த நீங்களே சாப்ட்டுப் பாருங்கம்மா, செரிச்சா எந்தொட்டிக்கும் செரிக்கும்" என்றார். மறுநாளிலிருந்து அந்த வீட்டுப் பக்கெட்தான் தெருவிலேயே சுத்தம்.

அங்கன்வாடியில் இப்போது சிலிண்டரைத் தொடுவதே இல்லை. நீலமாக எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி கிடையாது. தொட்டியிலிருந்து வழிந்து வரும் கரைசலை வளவனூர்க் கரும்புக்காரர் ஒருவர் டேங்கரில் எடுத்துப் போகிறார். இந்த முறை யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். மேட்டில் சோறு விழாததால் நாய்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. ஈயும் குறைந்திருக்கிறது. பள்ளத்திலிருந்து ஏரிக்கு ஒரு கறுப்புத் தண்ணீர் வழியுமே, அதுகூட மெலிந்துவிட்டது. பதினாலு நாளாகப் புகை இல்லை, பவானி. தினமும் மாடியில் ஏறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறேன். கடையில் உட்கார முடியவில்லை. காயில் கட்டும்போது சுற்றின் எண்ணிக்கை தவறிப் போகிறது, எழுந்து தொட்டியைப் பார்க்க ஓடிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, "ஒங்கிட்ட குடுத்தா பேஜாருப்பா" என்று போயே போய்விட்டார்.

பிரியாவுக்குத் தொட்டியின் போட்டோ ஒன்று ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

திருமுருகன்


ஓமந்தூர்
24 செப்டம்பர் 2025

பிரியா அப்பாவுக்கு,

போட்டோவைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறீர்கள். மூன்று வேளையும் கடையில்தான் சாப்பாடா?

இன்னொன்றும் பார்த்தேன். தொட்டி வாயில், நீங்கள் கழிவைக் கொட்டுகிற இடத்தில், சோறு காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைக்கிற மெஷின் பக்கவாட்டில் என்னென்னவோ வழிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் கேஸ் வருகிற இடம் இப்படியா இருக்கும்? அடுத்த புதன்கிழமை ஆயுத பூஜை. கடையில் இருக்கிற துருப்பிடித்த ஸ்பேனரைக்கூடத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்கிற மனுஷன் நீங்கள். நமக்குச் சோறு போடுகிற கருவி அழுக்காக இருந்தால் அந்த வருஷம் தொழில் விளங்குமா? இந்த முறை தொட்டிக்குத்தான் முதல் பூஜை. பிளீச்சிங் பவுடர், பினாயில் எல்லாம் தாராளமாக ஊற்றி, உள்ளே வெளியே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மஞ்சள் பூசுங்கள், வாழைக்கன்று கட்டுங்கள், பொரி படையுங்கள். பூசணிக்காய் உடைக்க மறக்காதீர்கள். என் பேச்சை ஒரு தடவையாவது கேளுங்கள்.

இதைச் சொல்லலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, பிரியாவோடு வருகிறேன். பார்க்க மட்டும்தான் வருகிறேன், பையில் இரண்டு நாளுக்குத்தான் துணி. புகை இல்லாமல் இருந்தால் அப்புறம் யோசிக்கலாம். விண்ணப்பத்தை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள்.

பிரியாவிடம் சொன்னதிலிருந்து அவள் என்னை ஒரு இடத்தில் உட்கார விடவில்லை. நாள்காட்டியில் தினம் ஒரு தாளை முன்னாலேயே கிழித்துவிடுகிறாள். இந்த வீட்டில் இப்போது இன்றைக்கு என்ன தேதி என்று யாருக்கும் தெரியாது.

பவானி


விழுப்புரம்
7 அக்டோபர் 2025

பவானிக்கு,

இந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

தொட்டியில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரு முழுக்க எலுமிச்சம்பழமும் உடைத்த பூசணியுமாக வந்து குவிந்துவிட்டது. வண்டிச் சக்கரத்தில் நசுக்கியது மட்டும் இரண்டு மூட்டை இருக்கும். அதனால் உள்ளே புளிப்பு ஏறியிருக்கும் போலிருக்கிறது. இன்ஜினியர் வெளியூரில் இருக்கிறார். நாளைக்கோ நாளை மறுநாளோ வந்து பார்ப்பார். பெரிதாக ஒன்றும் இல்லை.

பூஜை நன்றாக நடந்தது. நீ சொன்னபடி முதல் பூஜை தொட்டிக்குத்தான்.

மழைக்காலம் வேறு ஆரம்பிக்கிறது. பிரியாவைப் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

திருமுருகன்


ஓமந்தூர்
10 அக்டோபர் 2025

பிரியா அப்பாவுக்கு,

"பெரிதாக ஒன்றும் இல்லை", "வேறு ஒன்றும் இல்லை". ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு தடவை ஒன்றும் இல்லை என்று எழுதுகிற ஆளை நான் நம்ப வேண்டுமா? தொப்பி எத்தனை கோடு என்று எழுதவே இல்லையே. ஒரு மாதமாக அதைத் தவிர வேறு எதையும் எழுதாத மனுஷன் நீங்கள்.

நான் வரக்கூடாது என்பதற்கு வேறு காரணம் இருந்தால் நேராகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தனியாக இருந்தது சுகமாக இருக்கிறதா? அண்ணியும் அப்படித்தான் கேட்டாள், அவள் வாயை அடைத்துவிட்டேன். என் வாயை யார் அடைப்பது? காலையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது, அடுப்புக்கு எதிரிலேயே நின்றுகொண்டு பார்க்காமல் நிற்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் விழுப்புரம் பஸ்ஸைப் பார்த்துவிட்டு ஏறாமல் திரும்பி வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

போன ஞாயிறு பிரியா போனை வைத்துவிட்டு வந்து, "அப்பா தொப்பி அஞ்சு கோடு இருக்குன்னாரு, ஆனா ஜல்தியா வச்சிட்டாரும்மா" என்றாள். பிள்ளைக்கே தெரிகிறது. அவள் பையை மூன்று நாளைக்கு முன்னாலேயே கட்டி வாசலில் வைத்துவிட்டாள். வர வேண்டாம் என்று அப்பா எழுதியதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீங்களே ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. மறுபடி புகை வந்துவிட்டதா, இல்லையா?

பவானி


விழுப்புரம்
14 அக்டோபர் 2025

பவானிக்கு,

வந்துவிட்டது.

பிரியாவிடம் நான் சொன்ன ஐந்து கோடு பொய். தொப்பி அன்றைக்கே தரையோடு உட்கார்ந்துவிட்டது. பூஜை முடிந்த மூன்றாம் நாள் அங்கன்வாடி அடுப்பு நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது, நாலாம் நாள் அணைந்தது. கேஸ் உண்டாகாதபோது தொட்டிக்குள் மேலும் கழிவைப் போடக்கூடாது என்பதால் பக்கெட் வாங்குவதை நிறுத்தினோம். நிறுத்திய மறுநாளே ஜனங்கள் கவரைக் கட்டிக்கொண்டு பழையபடி மேட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அழுகிப்போகும் சோற்றை வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது? ஒன்பதாம் தேதி காலையில் நான் மாடியில் நிற்கும்போது மேட்டில் ஒரு மூலையில் வெள்ளையாக எழும்பியது. மழை பெய்தும் அணையவில்லை. ஈரப்புகை இன்னும் மோசம், கண்ணைப் பிடுங்குகிறது.

தப்பு என்னுடையதுதான். எலுமிச்சம்பழத்தையும் பூசணியையும் அளவில்லாமல் போட்டுவிட்டேன். தொட்டிக்குள் இருக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்துவிட்டது. சங்கக் கூட்டத்திலும் அப்படியே சொல்லிவிட்டேன். செல்வி அக்கா என்னவோ சொல்ல எழுந்தார், நான் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் திரும்ப எரியவில்லை என்றால், தொட்டியின் மெஷினையும் தொப்பியையும் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இன்ஜினியர் வந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு சாணி கேஸ் குழியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் உயிர் பிடிக்குமாம், பச்சைச் சாணி மட்டும் போட்டால் இரண்டு மாதம் ஆகுமாம். திருவாமாத்தூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் விசாரித்தேன். சாணி இருக்கிறது, கேஸ் குழி யாரிடமும் இல்லை. எங்கே கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாசலில் நின்று கேட்க எனக்கு முகம் இல்லை.

நீ என்ன கேட்டாயோ அதைச் செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரியாவை அங்கேயே சேர்த்துவிடு. அவள் நெஞ்சு அங்கே நன்றாக இருக்கிறது, அது போதும். சத்தியத்தைக் காப்பாற்ற முடியாதவன் அதையாவது செய்ய வேண்டும்.

பூஜையன்று எடுத்த போட்டோ கேட்டுப் பிரியா ஒவ்வொரு வாரமும் நச்சரிக்கிறாள். அதையும் வைத்திருக்கிறேன். அவளிடம் தொப்பியைப் பற்றி நீயே ஏதாவது சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

திருமுருகன்


ஓமந்தூர்
17 அக்டோபர் 2025

பிரியா அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்து வந்தது. விண்ணப்பத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அதில்தான் இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இனி இதை எந்த ஹெட்மாஸ்டரிடமும் கொடுக்க முடியாது. விழுப்புரம் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனில் பேசிவிட்டேன். நவம்பர் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். தீபாவளி வருகிறதே என்று மாட்டுக் கொட்டகையைக் கழுவப் போனேன். பக்கெட்டில் பினாயிலைக் கலக்கித் துடைப்பத்தை எடுத்ததுதான் தாமதம், கழனியிலிருந்து வந்த அண்ணன் அலறிக்கொண்டு ஓடி வந்து பக்கெட்டைப் பிடுங்கினான். "இன்னா காரியம் பண்ணிக்கினு கீற? இந்தத் தண்ணி கேஸ் குழிக்கிதான் ஓடுது. உள்ள இருக்கறதெல்லாம் உசுரு. ஒரு பக்கெட்டு பினாயிலு போச்சின்னா அத்தினியும் செத்துடும், ஒரு மாசத்துக்கு அடுப்பு எரியாது!"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். பிரியா உங்கள் போட்டோவைச் சுவரில் ஒட்டியிருந்தாள். மஞ்சள் பூசிய தொட்டி, பொட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. இடது பக்க வாழைக்கன்றுக்குப் பின்னால் நாலு வெள்ளைக் கேன், காலியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஐந்து லிட்டர் பினாயில் கேன். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர்ப் பை, அதுவும் காலி. போட்டோவைச் சுவரிலிருந்து பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடி எண்ணினேன்.

செப்டம்பர் இருபத்திநாலாம் தேதி நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கும். எடுத்துப் படியுங்கள். தாராளமாக ஊற்றச் சொன்னது யார்? உள்ளே வெளியே தேய்க்கச் சொன்னது யார்? என் பேச்சை ஒரு தடவையாவது கேளுங்கள் என்று கெஞ்சியது யார்? கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் பேச்சை நீங்கள் அப்படியே கேட்டது அந்த ஒரு நாள்தான்.

பொறுக்க முடியாமல் செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். "எலுமிச்சம்பழமாம், பூசணியாம்! வந்து பாத்த அன்னிக்கே இன்ஜினியரு பினாயிலுதான்னு சொல்லிட்டாரும்மா. ஒம்பேரு வந்துடக்கூடாதுன்னு அந்த மனுசன் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கினு திரியுது" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள்? எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்றா? உடைந்துதான் போனேன். நேற்று முழுக்க அழுதேன். ஆனால் கூட்டத்தில் நாற்பது பேருக்கு நடுவில் நீங்கள் தனியாக நின்று என் தப்பைத் தலையில் போட்டுக்கொண்டதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். இனிமேல் எனக்காகப் பொய் சொல்லாதீர்கள். எனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, நிஜத்தைச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்ன அந்த வார்த்தை அவனுக்கு இன்னும் ஆறவில்லை, மறைக்க மாட்டேன். ரொம்ப நேரம் மாட்டைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு டிரம் எத்தனை வேண்டும் என்று கேட்டான். எட்டு டிரம் நிரப்பி வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறோம். கரைசலை ஊற்றிவிட்டுப் பத்து நாள் சோற்றுக் கழிவு ஒரு கைப்பிடிகூடப் போடக்கூடாதாம். அதன் பிறகு கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் குட்டியானை வண்டியில் டிரம்களோடு வருகிறேன். அண்ணனும் வருகிறான். அவன் இறங்கியதும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதித் தர மாட்டேன். நீங்கள் சொன்னீர்களே ஒரு நாற்றம், அந்த நாற்றத்தைத்தான் எட்டு டிரம்மில் கொண்டுவருகிறேன். நீங்களும் கைவிட்டுக் கலக்க வேண்டும்.

பிரியாவை அழைத்து வரவில்லை. புகைக்குள் அவளைக் கூட்டி வர என்னால் முடியாது, அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. தீபாவளிக்கு அவள் மாமன் வீட்டில் இருப்பாள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தொட்டியைக் கெடுத்துவிட்டோம், சரி பண்ணப் போகிறேன் என்றேன். "ரெண்டு பேருமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணியை எடுத்துவிட்டு, என் துணியை உள்ளே வைத்தாள். தொப்பி ஐந்தாவது கோட்டைத் தொடுகிற அன்றைக்கு நீங்களே வந்து அவளைக் கூட்டிப் போங்கள். தொடும் வரை நான் அங்கேதான். செல்வி அக்காவோடு வீடு வீடாகப் போகிறேன். மேட்டில் கவர் வீசுகிறவர்களிடம் பேச என்னை விடத் தகுந்த ஆள் யார்?

இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், சனிக்கிழமை கிடைத்துவிடும். கிடைத்ததும் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன் என்று வீட்டைக் கழுவி வைக்காதீர்கள். எதையும் கழுவி வைக்காதீர்கள்.

பவானி